கலீபாவின் லாரி கணவாய் ஏறிய கதை

எங்கள் ஏரிக்கரை ஊரான பாலிக்சியில் புருலின் முகம் தெரியாதவர்கள் உண்டு. குரல் தெரியாதவர்கள் கிடையாது. ஏரிக்காற்று ஊரையே பிய்த்துக்கொண்டு போகிற நாளிலும், பேருந்து நிலையத்து ஒலிபெருக்கி வழியாக அந்தக் குரல் பாதி ஊருக்குக் கேட்கும். "நரின் போகும் வேன், இரண்டாம் மேடை. பயணிகள் ஏறிக்கொள்ளவும்." சந்தையில் அவள் போய் வெங்காயம் என்ன விலை என்று கேட்டால், கடைக்காரன் தலையைத் தூக்காமலே "நரின் வண்டி போயிடுச்சா எஜே?" என்று கேட்பான். எங்கள் ஊரில் அக்கா முறையுள்ள எல்லோருமே எஜேதான்.

இந்தக் குரலுக்குச் சொந்தக்காரி நாவல் எழுதிக்கொண்டிருக்கிறாள் என்பதும் ஊருக்குத் தெரியும். எழுதிக்கொண்டிருந்தாள் என்று சொல்வது கொஞ்சம் தாராளம். ஆரம்பித்துக்கொண்டிருந்தாள் என்பதுதான் நியாயம். சோவியத் காலத்தில் கலீபா என்று ஒரு பெண் லாரி ஓட்டுநர். கொட்டும் பனியில், மாவு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, தொலோன் கணவாயைத் தாண்டி நரினுக்குப் போக வேண்டும். முதல் அத்தியாயத்தின் கடைசி வரியில் லாரி கணவாயின் அடிவாரத்துக்கு வந்து நிற்கும். அவ்வளவுதான், அதற்குப் பிறகு நின்றது நின்றபடிதான். புருலின் மகள் பள்ளிக்கூடம் போனபோது நின்ற லாரி, மகளுக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பிறந்த பிறகும் அங்கேயே நின்றது. புருல் அந்த ஒரு அத்தியாயத்தைத் திருத்துவாள், கிழிப்பாள், மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்குவாள்.

அவள் கணவன் எசென், வெல்டிங் வேலைக்காரன், கெட்டவன் இல்லை. வாய்தான் சும்மா இருக்காது. காலையில் தேநீர் குடிக்கும்போது தவறாமல் ஒரு கேள்வி.

"என்ன, லாரி மலை ஏறிச்சா?"

முதலில் அது வேடிக்கையாக இருந்தது. பிறகு பழகிப்போனது. அதற்கும் பிறகு குத்த ஆரம்பித்தது. வீடு, மாடு, மகள், நிலையம் என்று மற்றதெல்லாம் புருலுக்கு வந்து சேர்ந்தவை. அவளாக விரும்பியது இந்த நாவல் ஒன்றைத்தான். அதுதான் நகரவில்லை. தன்னால் ஆகாது என்று யாராவது சொல்லியிருந்தால்கூட சண்டை போட்டிருப்பாள். யாரும் சொல்லவில்லை. அவளே உள்ளுக்குள் சொல்லிக்கொள்ளத் தொடங்கியிருந்தாள்.

இனி ஷெரினேவுக்கு வருவோம். எங்கள் பெண்கள் ஏழெட்டுப் பேராகச் சேர்ந்து, மாதம் ஒரு வீட்டில் கூடி, மூக்குமுட்டத் தின்று, ஊர்வம்பு பேசி, போட்ட பணத்தைத் திரட்டி அந்த மாதத்து வீட்டுக்காரி கையில் கொடுத்துவிட்டுக் கலைவார்கள். அதுதான் ஷெரினே. புருலின் கூட்டத்தில் ஏழு பேர். மூத்தவள் தொக்தோகான், எழுபதைத் தாண்டிய ஓய்வுபெற்ற மருத்துவச்சி. பாலிக்சியில் பாதிப்பேரை வெளியே இழுத்துப்போட்டவள் நான்தான் என்று பெருமையடித்துக்கொள்வாள், அது உண்மையும்கூட. மீர்குல் பேருந்து நிலையத்துக்கு எதிரே முடிதிருத்தும் கடை வைத்திருப்பவள், புருலின் வகுப்புத்தோழி, நாக்கில் கத்தரி. சாய்ரா பாலர் பள்ளிச் சமையற்காரி, அதிகம் பேசமாட்டாள், ஆனால் எல்லாவற்றையும் நினைவில் வைத்திருப்பாள். மற்ற மூவரும் அவரவர் வீடு, கடை என்று இருப்பவர்கள்.

நவம்பரில் புருலின் முறை. குளிர்காலத்துக்கென்று எசென் அந்த வாரம்தான் ஆடு அறுத்திருந்தான். அதனால் விருந்து வழக்கத்தைவிடப் பெரிதாகிப்போனது: கறியும் மாவுத்துண்டுமாக பெஷ்பர்மக், எண்ணெயில் பொரித்த பூர்சோக், நாலு வகைப் பழக்கூழ். வீட்டைக் கூட்டும்போது மேஜைமேல் கிடந்த காகிதங்களை எங்கே வைப்பதென்று புருலுக்குத் தெரியவில்லை. இந்த முறையாவது ஒழுங்காகத் தொடங்கலாம் என்று புதிதாக வாங்கிய வெற்றுத்தாள் கட்டு ஒன்று, அதன்மேல் அந்த முதல் அத்தியாயம். அப்படியே தூக்கி, விருந்தாளிகளில் பெரியவர் உட்காரும் மேலிடத்துக்குப் பின்னால், மெத்தை அடுக்கின்மேல் வைத்து, தூசு படாமல் பூவேலைத் துணியைப் போர்த்தினாள்.

தொக்தோகான் கடைசியாக வந்து மேலிடத்தில் உட்கார்ந்தாள். விருந்தைப் பார்த்தாள். ஆட்டுத்தலையைப் பார்த்தாள். திரும்பித் துணியைத் தூக்கிப் பார்த்தாள். எழுத்து நிறைந்த தாள், அதன்கீழே செங்கல் உயரத்துக்குக் கட்டு. கிழவியின் முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை பெரிய விருந்து எதற்கு என்று அவளுக்கு விளங்கிவிட்டது. உள்ளங்கைகளை விரித்தாள். பெரியவள் கை விரித்தால் மற்றவர்களும் விரிப்பார்கள். என்ன ஏது என்று யாரும் கேட்பதில்லை, கை தானாகவே விரியும்.

"நீ எழுதி முடிச்ச இந்தப் புஸ்தகம் உன் பேரச் சொல்லணும். படிச்சவங்க கண்ணுல தண்ணியும் வாயில சிரிப்பும் வரணும். உன் கலீபா போன வழியெல்லாம் வெளிச்சமா இருக்கணும். ஓமீன்!"

"ஓமீன்!" ஏழு பேரும் முகத்தைத் தடவிக்கொண்டார்கள். புருலும் தடவினாள். தடவிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

மீர்குல்தான் முதலில் வாய் திறந்தாள். "எஜே, அவ எங்க முடிச்சா? மேல இருக்கறது ஒரே ஒரு அத்தியாயம். கீழ எல்லாம் வெள்ளைத்தாளாத்தான் இருக்கும்."

தொக்தோகான் கட்டைப் புரட்டினாள். வெள்ளை. மறுபடி வெள்ளை. ஆசி என்பது எங்களிடம் விளையாட்டுக் காரியம் இல்லை. வெறும் தொட்டிலை ஆட்டினால் எப்படியோ, இல்லாத ஒன்றுக்கு ஆசி சொன்னாலும் அப்படியே.

"நான் வேணும்னே செய்யல எஜே," என்றாள் புருல். அழுகை வந்துவிட்டது. "நீங்க உங்க ஆசிய திரும்ப எடுத்துக்குங்க."

"எடுத்துக்கறதா? பொறந்த புள்ளைய உள்ள தள்ற மாதிரி பேசறியே! என் ஆசி ஒண்ணுகூட வீணாப் போனதில்ல. போகவும் விடமாட்டேன். எழுது. மே மாசம் என் முறை. அன்னைக்கு இந்தக் கட்டு என் வீட்டுக்கு வரணும், முழுசா."

"என்னால முடியாது எஜே."

"உன்னால முடியாதுன்னு எங்களுக்கும் தெரியுது," என்றாள் மீர்குல். "இத்தனை வருஷமாப் பாத்துட்டுத்தான இருக்கோம். ஆனா ஓமீன்னு சொன்னது நீ மட்டுமில்லடி. நாங்களும்தான் சொல்லித் தொலைச்சோம். இப்ப நாமெல்லாம் ஒரே லாரியில."

வழி சொன்னது, அதிகம் பேசாத சாய்ரா. "புதுப்பொண்ண திரைக்குப் பின்னால உக்கார வெச்சா, சும்மாவா முகம் காட்டறோம்? கொரும்துக் வாங்கிட்டுத்தான காட்டறோம். புருல் மாசாமாசம் புது அத்தியாயத்த துணி போட்டு மூடிக் கொண்டுவரட்டும். பாக்கணும்னா நாம கொரும்துக் குடுக்கணும். காசு வேணாம். அவ வேலைல ஒண்ண நாம எடுத்துக்கலாம்."

கேட்டவுடன் எல்லோருக்கும் பிடித்துப்போனது. மணப்பெண்ணுக்குக் கொடுப்பதுபோலவே கொடுத்தார்கள், அதே கேலி, அதே கூச்சல். சாய்ரா ரொட்டி சுடும் வேலையை எடுத்துக்கொண்டாள். மீர்குல் மாட்டை எடுத்துக்கொண்டாள். கடையைத் திறக்கும் முன்னால் வந்து, மாட்டின் நெற்றிமுடியைப் பார்த்து "உனக்கு ஒரு வெட்டு போட்டா அழகா இருப்ப" என்று சொல்லிக்கொண்டே கறப்பாள். துணி துவைப்பது ஒருத்தி, சந்தைக்குப் போவது ஒருத்தி. தொக்தோகான் எடுத்துக்கொண்டது எசெனை. மாலையில் புருல் எழுதும் அறையின் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வாள்.

"எஜே, உப்பு எங்க இருக்குன்னு அவள்ட்ட ஒரு வார்த்தை கேக்கணும்," என்பான் எசென்.

"நீ பொறக்கும்போது உன் அம்மா எத்தனை மணி நேரம் கஷ்டப்பட்டா தெரியுமா? நான்தான் கூட இருந்தேன். நீ ஒரு நாள் உப்பில்லாம சாப்பிடு."

எசென் உப்பில்லாமல் சாப்பிட்டான். லாரி மலை ஏறிச்சா என்ற கேள்வியும் நின்றுபோனது. கேட்டால் வாசலிலிருந்து பதில் வரும் என்று அவனுக்குத் தெரியும்.

டிசம்பரில் மீர்குல் வீட்டில் துணியைத் தூக்கியபோது இரண்டாம் அத்தியாயம் இருந்தது. கலீபாவின் சின்ன வயது. ஜனவரியில் சாய்ரா வீட்டில் மூன்றாவது, நான்காவது. கலீபா பெண் என்பதால் லாரி தர மறுத்த மேலாளரிடம் அவள் சண்டை போட்டு வாங்கிய கதை. பெண்கள் கைதட்டினார்கள். புருல் நிலையத்திலும் இரண்டு வண்டிகளுக்கு நடுவே எழுதினாள். ஒரு நாள் எழுதிய வரியை வாய்விட்டுப் படித்துப் பார்த்தாள். ஒலிபெருக்கியை அணைக்க மறந்துவிட்டாள். "கலீபா மேலாளரின் மேஜைமேல் லாரிச் சாவியைக் குத்தி நிறுத்தினாள்" என்று மேடை முழுக்கக் கேட்டது. கொச்கோர் வண்டியில் உட்கார்ந்திருந்த ஒருவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்தினார்: "அப்புறம் என்ன ஆச்சு, சொல்லும்மா!" புருல் வெட்கத்தில் காது சிவந்து, கொச்கோர் வண்டியை நேரத்துக்கு முன்பே அனுப்பிவிட்டாள்.

எல்லாம் நன்றாகப் போனது, மலை வரும்வரை. கலீபாவின் பழைய கதையெல்லாம் தீர்ந்து, லாரி மறுபடி தொலோன் அடிவாரத்தில் வந்து நின்றது. புருலின் கையும் நின்றது. ஒரு வாரம் போனது, இரண்டு வாரம் போனது. மாட்டை மீர்குல் கறக்கிறாள், ரொட்டியைச் சாய்ரா சுடுகிறாள், வாசலில் கிழவி காவல் இருக்கிறாள், உள்ளே புருல் வெற்றுத்தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவமானம் தாங்கவில்லை. பிப்ரவரி ஷெரினேவுக்கு, பழைய முதல் அத்தியாயத்தின் வேறொரு பிரதியை எடுத்து, பெயர் மாற்றி, இடம் மாற்றி, துணி போட்டு மூடிக்கொண்டு போனாள்.

படித்தாள். கடைசியில் சாய்ரா இருமினாள்.

"கலீபாவோட இந்த நாய்," என்றாள். "முதல் அத்தியாயத்துலயே செத்துப்போச்சே. கலீபா அழுதுகிட்டே புதைச்சாளே. எப்படி மறுபடியும் லாரியில ஏறிச்சு?"

மீர்குல் கிண்ணத்தை டக்கென்று வைத்தாள். "ஏமாத்துறியாடி? உன் மாடு என்னைய ரெண்டு தடவை உதைச்சிருக்கு. பாரு, முழங்கால் இன்னும் நீலம். பழைய கதைய சாயம் பூசிக் கொண்டுவந்து எங்க தலையில கட்டற!"

புருல் தலை குனிந்திருந்தாள். எழுந்து போய்விடலாம் என்று நினைத்தாள். போனால் இனி வாழ்நாளில் எழுதப்போவதில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தது. அதனால் உண்மையைச் சொன்னாள்.

"எனக்குத் தொலோன் எப்படி இருக்கும்னு தெரியாது."

"என்னது?"

"நான் போனதே இல்ல. கொச்கோர் வரைக்கும்தான் போயிருக்கேன். அதுக்கு மேல போனதில்ல."

அறையில் இருந்த யாராலும் நம்ப முடியவில்லை. தினமும் நரின் வண்டியைக் கூவி அனுப்புகிறவள். அவர்கள் எல்லோரையும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் அந்தக் கணவாய் தாண்ட ஏற்றிவிட்டவள்.

"ஊரையே ஏத்தி அனுப்பிட்டு நீ போகலையா?" மீர்குலின் கோபம் அப்படியே வழியில் நின்றுவிட்டது. "ஏன்டி?"

"யாராவது ஒருத்தர் ஒலிபெருக்கி முன்னால இருக்கணும்ல. அடுத்த வருஷம் போலாம், அடுத்த வருஷம் போலாம்னு இருந்துட்டேன். அப்புறம் போகலன்னு சொல்லவே வெக்கமாப் போச்சு."

தொக்தோகான் எலும்பைத் தட்டில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். "அடுத்த மாச ஷெரினே வீட்ல கிடையாது. வேன்ல. அவங்கவங்க சமைச்சதத் தூக்கிட்டு வாங்க. பனி உருகறதுக்குள்ள போகணும்."

மார்ச்சில் ஒரு காலை, ஏழு பெண்களும் மூட்டை முடிச்சோடு இரண்டாம் மேடைக்கு வந்தார்கள். அன்றைக்குப் புருலுக்குப் பதிலாக ஒரு சின்னப்பெண் அறிவித்தாள். "நரின் போகும் வேன்" என்று தன் வண்டியை யாரோ கூவுவதை, புருல் முதல்முறையாக உள்ளே உட்கார்ந்து கேட்டாள். உடனே ஜன்னலைத் திறந்து "வார்த்தைய முழுங்காத, மேடைய ரெண்டு தடவை சொல்லு!" என்று கத்தினாள்.

ஓட்டுநர் ஜூமாபெக், சாய்ராவின் மைத்துனன். சாரி புலாக் கிராமத்தைத் தாண்டும் வரை பாட்டும் சிரிப்பும். ஏற்றம் தொடங்கியதும் மேலிருந்து வெள்ளையாக இறங்கியது. காற்றும் பனியும் சேர்ந்து, வேனுக்கு வெளியே உலகமே இல்லாமல் போனது. கணவாயின் உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு வளைவில் பின்சக்கரம் வழுக்கி, வண்டி மெதுவாக, மிக மரியாதையாக, ஓரத்துப் பனிமேட்டில் போய்ச் சாய்ந்தது.

"எறங்கித் தள்ளணும் எஜேமார்களே," என்றான் ஜூமாபெக். "வேற வழியில்ல."

இறங்கினார்கள். தொக்தோகான் மட்டும் இறங்கவில்லை. "சக்கரம் ரோட்டப் பிடிக்கணும்னா உள்ள கனம் வேணும். நான் கனமா உக்காந்திருக்கேன், நீங்க தள்ளுங்க," என்றாள். பிறகு ஜன்னல் வழியாக, பிரசவ அறையில் கத்துவதுபோலவே கத்தினாள்: "மூச்ச இழு! இப்ப தள்ளு! விடாத, விடாத, தள்ளு!"

புருலின் கன்னம் வேனின் பின்கதவில் ஒட்டிக்கொண்டது. பூட்ஸுக்குள் பனி இறங்கியது. மீர்குல் பக்கத்தில் தள்ளிக்கொண்டே கெட்ட வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்து விட்டாள். அப்போதுதான் புருலுக்குத் தான் எழுதி எழுதிக் கிழித்ததெல்லாம் ஏன் பொய் என்று புரிந்தது. அவள் கலீபா கணவாயில் நின்று சிகரங்களைப் பார்ப்பாள், நடுங்குவாள், வானத்தைப் பார்த்து வேண்டுவாள். இங்கே சிகரமாவது ஒன்றாவது! கைக்கு எட்டும் தூரத்துக்கு மேல் எதுவும் தெரியவில்லை. பயமும் இல்லை, பயப்பட நேரமில்லை. கால் மரத்துப்போனது, பசித்தது, சக்கரத்தின்மேல் கோபம் கோபமாக வந்தது. கலீபா இங்கே வேண்டியிருக்க மாட்டாள். மீர்குலைப்போல திட்டியிருப்பாள்.

புருல் சிரிக்க ஆரம்பித்தாள். தள்ளிக்கொண்டே சிரித்தாள், சிரிப்பில் பலம் போய்விட, மீர்குல் அவளையும் சேர்த்துத் திட்டினாள். வேன் ஒரு குலுக்குக் குலுக்கி ரோட்டுக்கு ஏறியது. பெண்கள் பனியில் குப்புற விழுந்தார்கள்.

"சிரிக்கிறாளே, மண்டை கிண்டை உறைஞ்சுபோச்சா?" என்று கேட்டாள் மீர்குல்.

"இப்ப நீ என்னென்ன சொன்ன? வரிசையா மறுபடி சொல்லு."

"எதுக்கு?"

"கலீபாவுக்கு வேணும்."

உச்சியைத் தாண்டி அந்தப்பக்கம் இறங்கும்போது புருல் மடியில் தாளை வைத்துக்கொண்டு எழுதத் தொடங்கிவிட்டாள். வண்டி ஆடியது, எழுத்து கோணியது, அவள் நிறுத்தவில்லை. கலீபாவின் லாரி ஏறிக்கொண்டிருந்தது. பேசாமல் இருக்கத் தெரியாத அந்தப் பெண்கள் நரின் வரை வாயை மூடிக்கொண்டு வந்தார்கள். பூர்சோக் பையைக்கூடச் சத்தமில்லாமல் பிரித்தார்கள். யாரோ ஒருத்தி தும்ம, தொக்தோகான் அவளைப் பார்த்த பார்வையில் இரண்டாவது தும்மல் வரவில்லை.

அதன்பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. ஏப்ரலில் துணிக்கடியில் ஐந்து அத்தியாயம் வந்தது. கேட்டு முடிப்பதற்குள் பெஷ்பர்மக் ஆறிப்போனது. எசென் வாசற்காவலைத் தாண்டாமலே, தொக்தோகானிடம் தணிந்த குரலில் கேட்டான்: "எஜே, அந்த மேலாளர் கலீபாவ பழிவாங்குவானா?" கிழவிக்குத் தெரிந்திருந்தும் சொல்லவில்லை.

மே மாதம், தொக்தோகான் வீடு. ஆப்பிள் மரம் பூத்திருந்தது. புருல் கட்டை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு வந்து மேலிடத்தில் வைத்தாள். அடியிலிருந்து மேல்வரை எழுத்து. கிழவி துணியைத் தூக்கி, நவம்பரில் புரட்டியதுபோலவே ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். வெள்ளைத்தாள் ஒன்றுகூடத் தட்டுப்படவில்லை. அவள் கண் கலங்கியதை யாரும் பார்க்காததுபோல இருந்துகொண்டார்கள்.

"ஆசி குடுங்க எஜே," என்றாள் புருல்.

"குடுத்தாச்சே. ரெண்டு தடவை குடுக்க நான் என்ன கடையா வெச்சிருக்கேன்? படி."

புருல் கடைசி அத்தியாயத்தைப் படித்தாள். ஒலிபெருக்கிக்குப் பழகிய குரல் அன்றைக்கு இரண்டு இடத்தில் உடைந்தது. கலீபா நரினில் மாவை இறக்குகிறாள். ஊரே கூடி நிற்கிறது. கிடங்கின் இயக்குநர் அவளை உட்காரவைத்து, இனி லாரி வேண்டாம், அடுப்புப் பக்கத்தில் நாற்காலியோடு ஆபீஸ் வேலை தருகிறேன் என்கிறார். கலீபா தேநீரைக் குடித்து முடித்து, நன்றி சொல்லி, காலி லாரியைத் திருப்பிக்கொண்டு மறுபடி கணவாயை நோக்கிப் போகிறாள். முடிந்தது.

புருல் தாளைக் கீழே வைத்தாள். பாராட்டை எதிர்பார்த்து அல்ல, சும்மா, நிமிர்ந்து பார்த்தாள்.

"அது என்ன புத்தி?" என்றாள் சாய்ரா. அத்தனை மாதத்தில் அவள் குரல் அவ்வளவு உயர்ந்து யாரும் கேட்டதில்லை. "அடுப்புப் பக்கத்துல வேலை! வேணாம்னு சொல்றாளே!"

"அவ ஏன் ஒத்துக்கணும்?" மீர்குல் பாய்ந்தாள். "நாற்காலியில உக்காந்து சாகறதுக்கா அந்த மலைய ஏறினா?"

"திரும்பப் போகும்போது சக்கரத்துக்குச் சங்கிலி கட்டினாளா? காலி வண்டி, இன்னும் வழுக்கும்."

"கட்டியிருப்பா. அவளுக்குச் சொல்லித் தரணுமா?"

"அந்த இயக்குநர் மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, அவனுக்கு அவமேல ஒரு கண்ணு."

"இருக்கட்டுமே! அவளுக்கும் ஒரு துணை வேணாமா? எவ்வளவு நாள்தான் தனியா ஓட்டுவா?"

தொக்தோகானும் சேர்ந்துகொண்டாள், கலீபாவின் அம்மா உயிரோடு இருந்திருந்தால் இப்படி நடக்க விட்டிருக்க மாட்டாள் என்று. இறைச்சி ஆறியது, தேநீர் ஆறியது. ஒருத்தி அழுதாள், ஒருத்தி அழுகிறவளைத் திட்டினாள். புருல் இந்தப்பக்கம் அந்தப்பக்கம் பார்த்தாள். பிறகு மெல்லக் குறுக்கே புகுந்தாள்.

"நான் என்ன நெனச்சேன்னா, கலீபா வந்து..."

மீர்குல் அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை. "நீ சும்மா இருடி. கலீபாவப் பத்தி உனக்கு என்ன தெரியும்!"

புருல் வாயை மூடிக்கொண்டாள். அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் அதற்கு முன் அறிந்ததில்லை. ஆறிப்போன இறைச்சியைத் தன் பக்கம் இழுத்துவைத்து, அவர்கள் சண்டை போடுவதைக் கேட்டுக்கொண்டே வயிறு நிறையச் சாப்பிட்டாள்.